ரூத் வீட்டில் இருந்த உங்கள் எண்ணெய் பாட்டில்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, காஸ்ட்ரோ வேலியில் ரூத் வீட்டுக் கராஜில் இருந்தவர்கள்: ரூத், மரியா, உங்கள் மகள் நித்யா, நான். ஆக நாலு பேர். ரூத்தின் பூனை இரண்டு முறை வந்து போனது, அதைச் சேர்க்கவில்லை. அத்தான் வருகிறேன் என்று ஷூ வரைக்கும் போட்டுவிட்டு, பிறகு கழற்றிவிட்டார்.

உங்களையும் ஐந்தாவதாக எழுதலாமா என்று யோசித்தேன். உங்கள் குரல் இருந்தது. ஆனால் ஆள் வராமல் குரல் மட்டும் வந்தால் வருகையில் சேர்ப்பதில்லை என்பது நம் பஜனை நோட்டில் நான் வைத்திருக்கும் விதி. கம்ப்யூட்டர் வழியாகப் பாடுகிறவர்களைக் கடைசிப் பக்கத்தில்தான் எழுதுவேன். அந்த விதியை உங்களுக்காக மாற்றவில்லை.

கிளம்புகிற நேரத்தில் ரூத் உள்ளே போய், குளியலறையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்து என் கையில் வைத்தார். தேங்காய் எண்ணெய். பாதி தீர்ந்திருந்தது. பேப்பர் டேப் ஒட்டி, உங்கள் பேர், உங்கள் கையெழுத்தில், தமிழில். மூடியைத் திறந்து முகர்ந்தேன். கறிவேப்பிலையும் வெந்தயமும் போட்டு நீங்கள் காய்ச்சுகிற அதே வாசனை. அங்கேயே, பூனைக்கு முன்னால், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கலங்கின கையோடு, அதற்கு முன் அங்கே காதால் கேட்டதை நம்பவும் வேண்டிவந்தது. கடையில் வாங்கியதை ஒரு நாள் மறந்து வைத்துவிட்டு வந்தால் அது வேறு. இது உங்கள் அடுப்பில் காய்ச்சி, ஊற்றி, பேர் எழுதி, எடுத்துப் போய் வைத்தது. ஒருத்தி பேர் எழுதி வைக்கிறாள் என்றால் அடுத்த வாரமும் அங்கே வரப்போகிறாள் என்று அர்த்தம்.

நீங்களோ அந்தப் பாட்டுக் கூட்டத்தை விட்டுவிட்டேன் என்று என்னிடம் சொன்னவர்.

இப்போது எனக்கு அவசரம். வருகிற செவ்வாய்க்கிழமை சீனியர் சென்டரில் ரூத்தும் மரியாவும் பாடப் போகிறார்கள். உங்கள் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு, அதோடு சேர்ந்து பாடலாமா என்று கேட்கிறார்கள். பதிவுகள் உங்கள் பழைய போனில் இருக்கின்றன. அந்த போன், பஜனைப் பாட்டுகள் இருக்கிறதே என்று நான் வாங்கி வைத்துக்கொண்டது. “சித்திகிட்ட கேளுங்க” என்று அத்தான் சொல்லிவிட்டார். நித்யாவும், “மாம் ட்ரஸ்டட் யுவர் இயர்ஸ், சித்தி. யூ டிசைட்” என்று என் தலையில் போட்டுவிட்டாள். அந்த முடிவை எடுக்க நான் யார் என்பதுதான் இந்த எண்ணெய் பாட்டிலால் குழம்பிப் போயிருக்கிறது.

முதலிலிருந்தே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் சமையலறை ஜன்னலிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

அண்ணனுக்கு நீங்கள், தம்பிக்கு நான். இந்தக் கலிஃபோர்னியா டப்ளினில் ஒரே தெருவில் பதினோரு வருஷம் எதிரெதிரே இருந்தோம். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றால் உங்கள் டிரைவ்வே முழுசாகத் தெரியும். அது என் குற்றமில்லை, வீடு கட்டினவன் குற்றம். பல் டாக்டர் ஆபீஸில் உங்களுக்கு வேலை இல்லாத நாள் செவ்வாய். ஒரு தை மாதத்திலிருந்து, செவ்வாய்க்கிழமை ஆனால் ஒன்பது நாற்பதுக்கு உங்கள் கார் கிளம்பத் தொடங்கியது. பன்னிரண்டு இருபதுக்குத் திரும்பும். பஜனை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: “செவ். 9.40 போனார். 12.20 வந்தார். காபி கப்பில் சிவப்பு. ஹேர் ஸ்ப்ரே வாசனை.”

“எங்கக்கா போயிட்டு வரீங்க?”

“வாக்கிங்.”

“லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டா?”

“மலைமேல மான் வரும்டீ. எதிர்ல வந்தா நாம பார்க்க நல்லா இருக்க வேணாமா?” என்றீர்கள். நான் சிரிக்கவில்லை. “என்ன ஏட்டம்மா, ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடணுமா?”

ஏட்டம்மா என்பது நீங்கள் எனக்கு வைத்த பேர். நித்யாவின் சிநேகிதிகள்கூட அது என் நிஜப் பேர் என்று நினைத்து ‘ஏட்டம்மா ஆன்ட்டி’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

உண்மையை எனக்குச் சொன்னது ஒரு போஸ்டர். லைப்ரரிக்குப் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போனபோது சுவரில் ஒட்டியிருந்தது. புள்ளி போட்ட பழைய காலத்து கவுன், தலைமுடியை நெற்றிக்கு மேல் உருளையாகச் சுருட்டி, மூன்று பெண்கள் ஒரு மைக்கைச் சுற்றித் தலையைச் சேர்த்து நிற்கிறார்கள். ஒரு பக்கம் எழுபது வயது ரூத், மறுபக்கம் அகலமான மரியா. நடுவில் சிவப்பு உதட்டோடு இருப்பவர் யார் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

அந்த நிகழ்ச்சிக்கு வந்தேன். கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அங்கே வந்த பெரியவர்களெல்லாம் கால் தட்டிக் கேட்டார்கள். ஒரு தாத்தா தன் வாக்கரைப் பிடித்துக்கொண்டே ஆடினார். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினீர்கள், ஒரே நேரத்தில் தோளைத் திருப்பினீர்கள், ஒரே நேரத்தில் சிரித்தீர்கள். ஒரே நேரத்தில் சிரிக்கிறவர்கள் முன்பே பேசி வைத்துக்கொண்டவர்கள். நமக்குத் தெரியாமல் நீங்கள் யாரோடோ பேசி வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்பதுதான் என்னைச் சுட்டது.

“ஏங்க்கா என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ என்ன சொல்லுவ?”

“நமக்கு எதுக்குக்கா இதெல்லாம்னு சொல்லுவேன்.”

“அதான் சொல்லல.”

பிறகு என் வீட்டுச் சமையல் மேடைமேல் உட்கார்ந்து, வேர்க்கடலை கொறித்துக்கொண்டே விளக்கினீர்கள். உலகச் சண்டை நடந்த காலத்தில் இங்கே ரேடியோவில் வந்த பாட்டுகள். அக்கா தங்கைகளாகச் சேர்ந்து, குரல் மூன்றும் ஒட்டிக்கொண்டது போலப் பாடுவார்களாம். இப்போது அங்கங்கே சிலர் அதே உடை, அதே கொண்டையோடு அதைத் திரும்ப எடுத்துப் பாடுகிறார்களாம். ‘ஆ’ என்றால் மூன்று வாயும் ஒரே அளவுக்குத் திறக்க வேண்டும். தலைகள் ஒட்டி நிற்பதால் கொண்டையின் அகலத்தையும் சேர்த்துப் பழக வேண்டும்; அதனால் பயிற்சிக்கே தலையைச் சுருட்டி ஸ்ப்ரே அடித்துக்கொண்டுதான் வர வேண்டும் என்பது ரூத் போட்ட சட்டம்.

“நீங்க மூணு பேரும் அக்கா தங்கச்சியா?” என்றேன்.

“இல்ல. அதனாலதான் வாராவாரம் ப்ராக்டிஸ்.”

நீங்கள் நகைச்சுவையாகச் சொன்னீர்கள். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்து வந்தது அந்த வெள்ளிக்கிழமை பஜனை. எனக்கு ஹார்மோனியம் யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோவைப் பார்த்தும் என் காதை நம்பியும் நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் நானே ஸ்வரம் எழுதி வைத்திருக்கிறேன். அதனால் என் காதுமேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, முருகன் மன்னிப்பான். நம் பஜனையின் முறை உங்களுக்குத் தெரியும். நான் ஒரு வரி எடுத்துக் கொடுப்பேன். எல்லாரும் அதே வரியை, அதே இடத்தில், ஒரே குரலாகத் திருப்பிப் பாட வேண்டும்.

அன்று எல்லாரும் திருப்பிப் பாடும்போது கீழே ஒரு குரல் தனியாகப் போனது. தாளம் தட்டுகிற கையும் அப்படித்தான். எல்லார் கையும் ஒன்று, மூன்று என்று விழ, ஒரு ஜோடி கை மட்டும் இரண்டு, நாலு என்று விழுந்தது. என் பின்னால் உட்கார்ந்திருந்த ஆன்ட்டி குனிந்து, “யாரோ சுருதி விட்டுட்டாங்கம்மா. உன் பெட்டியைக் கொஞ்சம் செக் பண்ணு” என்றார். என் பெட்டியை! நான் வாசித்துக்கொண்டே தலையைத் திருப்பினேன். நீங்கள் கண்ணை மூடி, உருகிப் போய், முழுசாகத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தீர்கள்.

சுண்டல் பாத்திரம் கழுவும்போது கேட்டேன்: “வேணும்னேதானே பண்ணீங்க?”

“சத்தியமா இல்லடீ. வாய் தானா கீழ போயிடுச்சு. நீ மேல பாடறப்ப கீழ ஒரு இடம் காலியா இருக்கற மாதிரி கேக்குது.”

காலி இடமாம். சுவாமி படத்துக்கு முன்னால் என்ன காலி இடம்? நான் நம்பவில்லை. செவ்வாய்க்கிழமைக் கூட்டம் வெள்ளிக்கிழமைக்குள்ளும் கால் வைத்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் உதட்டை மட்டும் அசைத்தீர்கள். அதையும் கவனித்தேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

ஜூலை மாதம், கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நீங்கள் ஓட்டினீர்கள். ஃப்ரீவேயில் ஏறினதும் உங்கள் போன் காரோடு தானாகச் சேர்ந்துகொண்டு பாடத் தொடங்கியது. உங்கள் குரல் மட்டும், வேறு எதுவும் இல்லை. ஒரே ஸ்வரத்தில் ஏழெட்டு சொல். பிறகு அரைப் படி இறக்கம். திரும்ப அதே இடம். பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கிறவளைப் போல அங்கேயே நின்றுகொண்டிருந்தது அந்தப் பாட்டு.

“என்னக்கா இது? ட்யூனே இல்ல.”

“இது என் பார்ட்டுடீ. வீட்ல பழகறதுக்காக அவங்கவங்க பார்ட்டைத் தனியா ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்குவோம். நான் நடுக்குரல்.”

“அப்ப ட்யூன் யார்கிட்ட?”

“மேல ரூத் பாடுவாங்க. கீழ மரியா. நான் நடுல.”

“உங்களுக்குன்னு ட்யூன் இல்லயா?”

நீங்கள் கண்ணாடியைப் பார்த்து லேன் மாறினீர்கள். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “தப்பா நினைக்காதீங்கக்கா. நல்லதை அவங்க ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டு, மிச்சம் மீதியை உங்க தலைல கட்டிட்டாங்க. போஸ்டர்ல நம்ம ஊர் முகம் ஒண்ணு இருந்தா அவங்களுக்குப் பேரு. அதுக்குத்தான் உங்களை நடுல நிக்க வெச்சிருக்காங்க. பாடறதுக்கு இல்ல.” அதோடும் விடவில்லை. “அதுலயும் மூணாவது வரி முடியற இடத்துல சுருதி கம்மி.”

நீங்கள் கையை நீட்டிப் பாட்டை அணைத்தீர்கள். கொஞ்ச தூரம் போன பிறகு, “எக்ஸிட்டை விட்டுட்டேன்” என்றீர்கள். அவ்வளவுதான். அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பி வந்தோம். அர்ச்சனைக்கு அத்தான் பேர், நித்யா பேர், என் வீட்டு எல்லார் பேரும் நட்சத்திரமும் சொன்னீர்கள். உங்கள் பேரைச் சொல்லவில்லை. அர்ச்சகர் தட்டைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் என் வீட்டு வாசலில் நின்று, “விட்டுட்டேன்டீ” என்றீர்கள்.

“எதை?”

“அந்தப் பாட்டைத்தான். நீ சொன்னது சரி.”

எனக்கு அன்று வந்த திருப்தியை இப்போது நினைத்தால் கூசுகிறது. சேமியா பாயசம் வைத்தேன். காரணம் சொல்லவில்லை. நீங்களும் கேட்காமல் இரண்டு டம்ளர் குடித்தீர்கள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை ஒன்பது நாற்பதுக்குக் கார் கிளம்புவது நிற்கவில்லை. தோள்பட்டைக்கு பிசியோதெரபி என்றீர்கள். ஹேர் ஸ்ப்ரே வாசனை போய்விட்டது. கப்பில் சிவப்பும் இல்லை. அதற்குப் பதில் புதிதாக ஒன்று எழுதத் தொடங்கினேன்: “செவ். 9.40 பிசியோ. 12.45. தலை ஈரம்.” அடுத்த வாரமும் தலை ஈரம். அதற்கு அடுத்த வாரமும். தோளுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் தலையை ஏன் நனைக்கிறார்கள்? பெரிய வியாதி எதையோ என்னிடம் மறைக்கிறீர்கள் என்று முடிவு கட்டினேன். உங்கள் வீட்டுக்கு வந்தால் சீப்பை எடுத்து முடி கொட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். நீங்கள் ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, “பேன் இல்லடீ, நம்பு” என்றீர்கள்.

அதனால்தான், மாசி மாதம் உங்கள் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, நீங்கள் ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல் எட்டு நாள் கிடந்தபோது, நான் அந்த டாக்டரிடம் நோட்டை விரித்துக் காட்டினேன். “செவ்வாய்க்கிழமை தோறும் தலை ஈரமா இருந்துது டாக்டர், இதப் பாருங்க” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். நித்யாதான் என் கையைப் பிடித்து, “சித்தி. ஸ்டாப். ப்ளீஸ்” என்றாள். அவள் அழுதது உங்களுக்காக என்று மட்டும் நினைத்தேன்.

உங்களை வழியனுப்பின அன்று ரூத்தும் மரியாவும் சிவப்பு உதட்டோடு வந்து நின்றார்கள். துக்க வீட்டுக்கு லிப்ஸ்டிக்கா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியா விம்மி விம்மி அழுதார். ரூத் என் கையைப் பிடித்து, “அந்தக் காது உள்ளவள் நீதானே” என்றார். குத்திக் காட்டுகிறார் என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன்.

இந்தக் கணக்கோடுதான் நான் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கராஜுக்குள் போனேன்.

வெள்ளி நிறத்தில் பழைய காலத்து மைக் ஒன்று நடுவில். அதைச் சுற்றித் தரையில் மூன்று நிறத்தில் டேப், ஆளுக்கொரு இடம். உரத்த குரல் தள்ளி நிற்க வேண்டும், மெல்லிய குரல் கிட்டே நிற்க வேண்டும், அப்போதுதான் ஒரே மைக்கில் மூன்றும் சமமாக விழும் என்றார் ரூத். உங்களை எவ்வளவு தூரம் பின்னால் தள்ளியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் நான் குனிந்தேன். மஞ்சள் ரூத், பச்சை மரியா, நீலம் நீங்கள். நீலம்தான் மைக்குக்கு எல்லாரையும்விட ஒரு சாண் அருகில் இருந்தது. ஒரு வருஷமாக அதை யாரும் உரிக்கவில்லை. ஓரம் மட்டும் பூனை பிராண்டியிருந்தது.

நான் கேள்விகளை எழுதிக்கொண்டுதான் போயிருந்தேன். போஸ்டரில் அக்கா படம் போடுவீர்களா? இல்லை. வீடியோ எடுத்து எங்கேயாவது போடுவீர்களா? இல்லை. இறந்தவர் பாடுகிறார் என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவீர்களா?

“சித்தி, திஸ் இஸ் நாட் அன் இன்டர்வியூ” என்றாள் நித்யா.

ரூத் கோபப்படவில்லை. அவர் இங்கிலீஷில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். “முதல்ல எங்க ரெண்டு பேரை மட்டும் கேளு. அப்புறம் எது வேணா கேளு.” வட்டமான ஒரு சின்ன ஊதலை எடுத்து ஒரு ஸ்வரம் ஊதினார். மரியா விரல் சொடுக்கினார், இரண்டில், நாலில்.

பாடினார்கள். மேலே ட்யூன் துள்ளிக்கொண்டு போனது. கீழே மரியா தடி ஊன்றினது போல ஒவ்வொரு அடியாக வந்தார். ஒரு தப்பும் இல்லை, என் காதுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் இரண்டாவது வரி வருவதற்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் வாய் தானாகத் திறந்தது. என்ன பாட வேண்டும் என்று தெரியாமல் திறந்தபடியே நின்றது. மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி, நடுவில் ஒரு இடம் காலியாகக் கேட்டது.

நீங்கள் சொன்னீர்களே அக்கா. எனக்கு அது கேட்டது.

பிறகு நீல டேப்பின்மேல் ஒரு ஸ்டூல் போட்டு, அதில் கைக்கடக்கமான ஸ்பீக்கரை வைத்து, போனை என்னிடமே கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். முதல் தடவை அரைத் தட்டு பிந்தி அமுக்கிவிட்டேன். எல்லாம் கோணலாகிப் போனது. மரியா சிரித்தார். இரண்டாவது தடவை சரியாக விழுந்தது.

அதே பஸ் ஸ்டாப் பாட்டுதான். நீங்கள் ஒரே இடத்தில் நின்றீர்கள். ரூத்தின் ட்யூன் உங்களைத் தொட்டுத் தொட்டு ஏறி இறங்கியது. நீங்கள் அரைப் படி இறங்கிய இடம் வந்தது. அந்த இடத்தில் ரூத் அசையவில்லை, மரியாவும் அசையவில்லை, இரண்டு பேரும் பிடித்த ஸ்வரத்தைப் பிடித்தபடி நின்றார்கள். நீங்கள் மட்டும் இறங்கினீர்கள். பாட்டின் முகமே மாறிவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த பாட்டுக்குச் சட்டென்று ஏதோ ஞாபகம் வந்தது போல. ட்யூன் இல்லாதவர் என்று நான் சொன்ன ஆள்தான் அதைச் செய்தார்.

மூன்றாவது வரி முடிகிற இடத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். சுருதி கம்மியாக இல்லை. நூல் பிடித்தது போல இருந்தது.

“இது எப்ப எடுத்தது?” என்று கேட்டுக்கொண்டே போனைப் பார்த்தேன். நவம்பர் என்று காட்டியது.

“அந்த வரியை அவ விடவே மாட்டா” என்றார் ரூத். “வீட்ல காது உள்ளவ ஒருத்தி இருக்கா, அவ கம்மின்னா கம்மிதான்னு சொல்லிச் சொல்லி, திரும்பத் திரும்ப எடுத்தா.”

“அக்கா ஆகஸ்ட்லயே விட்டுட்டாங்களே” என்றேன்.

ரூத்தும் மரியாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “விட்டாளா?” என்றார் மரியா. “ஆஸ்பத்திரில சேர்ந்த வாரம் வரைக்கும் ஒரு செவ்வாய்கூடத் தப்பலையே.”

நித்யா குனிந்து பூனையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“உனக்குத் தெரியுமாடீ?”

“எவ்ரிபடி நியூ, சித்தி.”

“அப்பாவுக்கு?”

“ம்ம்.”

“சித்தப்பாவுக்கு?”

அவள் பூனையை இன்னும் கவனமாகத் தடவினாள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் கொழுந்தனாரைப் பிடித்துக் கேட்டேன். “அண்ணி சொல்ல வேணாம்னாங்க” என்று சொல்லிவிட்டு, துவைக்காத துணியையெல்லாம் பொறுக்கிக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தானாக வாஷிங் மெஷின் பக்கம் போனது அன்றுதான்.

அங்கே ரூத் பாட்டிலைக் கொடுக்கும்போது சொன்னதையும் எழுதிவிடுகிறேன். பாடி முடித்ததும் வாராவாரம் நீங்கள் அவர் வீட்டு சிங்க்கில் தலையைக் குனிந்து, ஸ்ப்ரேயெல்லாம் போக அலசிவிட்டு, இந்த எண்ணெயைத் தடவிக்கொண்டுதான் கிளம்புவீர்களாம். “இப்படி வாராவாரம் அலசறது முடிக்கு நல்லதில்லைன்னு சொல்லுவேன். அவளுக்குக் காது மட்டுமில்ல, மூக்கும் இருக்குன்னு சொல்லிச் சிரிப்பா.”

தலை ஈரம். என் நோட்டில் பக்கம் பக்கமாக இருக்கிறது அக்கா. நான் வியாதி என்று எழுதி வைத்தேன். டாக்டரிடம் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். பதிவைக் கொடுப்பதில் எனக்கு இனிமேல் தடை இல்லை. ஆனால் ஸ்டூல் உயரம் போதவில்லை, குரல் தரையிலிருந்து வருவது போல இருக்கிறது, யாராவது நீல டேப்பின்மேல் நின்று ஸ்பீக்கரை வாய் உயரத்துக்குப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறார் ரூத். நித்யாவுக்கு அன்று வேலை. என்னைக் கேட்கிறார்கள். தலையைச் சுருட்ட மாட்டேன், லிப்ஸ்டிக் போட மாட்டேன், விபூதியோடுதான் வருவேன் என்றேன். “பர்ஃபெக்ட்” என்றார் மரியா. எதற்கு அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டார் என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம்.

நேற்று வெள்ளிக்கிழமை. பஜனைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். நான் வரியை எடுத்துக் கொடுத்தேன். எல்லாரும் அதே இடத்தில் சரியாகத் திருப்பினார்கள். ஒரு பிசகும் இல்லை. கீழே அந்த இடம் அப்படியே காலியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தடவை கேட்டுவிட்டது, இனிமேல் கேட்காமல் போகாது போலிருக்கிறது. நான் இறங்கிப் பார்த்தேன். என் குரல் இரண்டு சொல்கூட அங்கே நிற்கவில்லை, ட்யூனுக்கே ஓடிவந்துவிட்டது. பின்னாலிருந்த ஆன்ட்டி மறுபடியும் என் பெட்டியைச் சந்தேகப்பட்டார்.

நான் திட்டுவேன் என்று பயந்து மறைத்தீர்களா? அல்லது, இவள் சொன்னதைக் கேட்டேன் என்று நினைத்துச் சந்தோஷமாக இருக்கட்டும் பாவம் என்று விட்டீர்களா? பாயசத்தை அப்படித்தான் குடித்தீர்களா? இரண்டில் எது என்றாலும் தாங்கிக்கொள்வேன். மூன்றாவதாக ஒன்று தோன்றுகிறது, அதுதான் என்னைத் தின்கிறது. வாரத்தில் அந்த இரண்டு மணி நேரமாவது என் ஜன்னலும் என் காதும் எட்டாத ஒரு இடம் வேண்டும் என்று நினைத்தீர்களா? அப்படியானால் அந்த நீல டேப்பின்மேல் நான் வந்து நிற்பது சரியில்லை. ஸ்பீக்கரை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். இந்தத் தடவை கோட்டைக் கழற்றிவிடுகிறேன்.

எண்ணெய் பாட்டிலைச் சுவாமி அலமாரியில் விளக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மறுபடி திறக்கவில்லை. கனவில் வருவீர்களோ, நித்யா வாயால் சொல்லுவீர்களோ, எனக்குத் தெரியாது; எப்படி வந்தாலும் புரிந்துகொள்வேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு நான் கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் பதில் சொல்லுங்கள், அக்கா.